கருவியா, காதா, கவனமா?

 

சேலம் மாவட்டம் கெங்கவல்லியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், அவர் கேட்டதை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

அவர் வீட்டில் ஒரு கணினி இருக்கிறது. கல்லூரியில் பயிலும் மகன் அதில் பாடம் கேட்கிறான். பத்து வயது மகள் மாலைதோறும் அதன் வழியாகவே வெளியூரிலுள்ள ஓர் ஆலிமாவிடம் குர்ஆன் ஓதப் பழகுகிறாள். வளைகுடா நாட்டில் பணிபுரியும் கணவர், "பிள்ளைகளுக்கு நல்லதாக ஒரு ஹெட்போன் வாங்கிக்கொள்" என்று மூவாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கிறார். கம்பியில்லாததுதான் இக்காலத்துக்கு ஏற்றது என்கிறார் உறவினர் ஒருவர். வண்ண விளக்குகள் எரியும் பெரிய கருவிதான் வேண்டும் என்கிறான் மகன். கடைக்காரரோ அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களையெல்லாம் படித்துக் காட்டுகிறார். எதை வாங்குவது?

கடிதத்தின் கடைசி வரியில்தான் அந்தத் தாயின் உண்மையான கவலை இருக்கிறது. "நாலாம் எழுத்தாகிய ஸாவையும் பன்னிரண்டாம் எழுத்தாகிய ஸீனையும் என் மகள் ஒன்றாகவே ஓதுகிறாள் என்று ஆலிமா கண்டிக்கிறார். சில வாரங்களாக நான் கூப்பிட்டாலும் அவள் திரும்புவதில்லை. நானும் இரண்டு முறை அடித்துவிட்டேன். இது கருவியின் குற்றமா, காதின் குற்றமா, கவனமில்லாத குற்றமா என்று எனக்குத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி! மூன்றையும் சரியாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் வரிசையை மட்டும் சற்று மாற்றிக்கொள்வோம். முதலில் காது, அதன் பிறகு கருவி, கடைசியில்தான் கவனம். பிள்ளையின் கவனத்தைக் குறைகூறும் உரிமை, முதல் இரண்டையும் சரிபார்த்த பின்னரே நமக்கு வருகிறது.

முதலில் காது

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுங்கள். மகளைத் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். உங்கள் உதட்டசைவு அவளுக்குத் தெரியக்கூடாது. நாலைந்து முழ தூரத்திலிருந்து மெல்லிய குரலில் சில சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு உள்ளூரில் நன்றாக ஓதத் தெரிந்த ஒருவரை, கருவி எதுவுமின்றி நேரில் அமர்ந்து, அந்த இரு எழுத்துகளையும் அவளுக்கு ஓதிக் காட்டச் சொல்லுங்கள்.

நேரில் கேட்கும்போது வேறுபாட்டை உணர்ந்து, கணினி வழியே கேட்கும்போது மட்டும் தடுமாறினால் பெரும்பாலும் குற்றம் கருவியினுடையது. நேரிலும் மெல்லிய சொற்களைத் தவறவிட்டால் கருவியைப் பற்றிய பேச்சையே ஒத்திவையுங்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். மெல்லிய சொற்கள் எல்லாம் நன்றாகக் கேட்டு, அந்த இரு எழுத்துகள் மட்டும் பிடிபடவில்லையெனில், அது பயிற்சியால் வரவேண்டியது. தமிழில் அந்த வேறுபாடே இல்லாததால், நம் பிள்ளைகளின் செவிக்கும் நாவுக்கும் அது புதிது.

எனினும் இது நோயறியும் சோதனையன்று. வழிகாட்டும் சோதனை மட்டுமே. அழைத்தால் திரும்புவதில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால், எப்படியாயினும் ஒருமுறை காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது. ஆத்தூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மேற்கொண்டு பார்க்க வேண்டுமெனில் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செவித்திறனை அளக்கும் ஆடியோமெட்ரி என்னும் சோதனையில் வலியில்லை, ஊசியில்லை. வெவ்வேறு சுருதியுள்ள மெல்லிய ஓசைகளை ஒலிக்கச் செய்து, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குக் காது மந்தமாவதற்குப் பெரும்பாலும் எளிய காரணங்களே இருக்கும். குறும்பி அடைத்திருக்கலாம். சளி பிடித்த பின்னர் செவிப்பறைக்கு உட்புறம் நீர் தேங்கியிருக்கலாம். இவை குணமாகக் கூடியவையே. ஆனால் நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுபோல் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் ஊற்றுவது ஆபத்து. கொண்டை ஊசி, தீக்குச்சி, பஞ்சு சுற்றிய குச்சி ஆகியவையும் கூடா. அவை குறும்பியை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதே அதிகம்.

மருத்துவர் "காது நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் அல்ஹம்துலில்லாஹ். அதன் பிறகு கடைக்குப் போகலாம்.

அடுத்தது கருவி

ஹெட்போன் எதற்காகத் தோன்றியது என்பதை அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் என்பவர், 1910ஆம் ஆண்டில் தம் வீட்டுச் சமையலறையில் இணைத்துச் செய்த கருவிகளை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். கம்பியில்லாத் தந்தியில் வரும் மிக மெல்லிய ஓசையையும் கப்பலில் இருப்பவர் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதே நோக்கம். இரு காதுக்கும் தனித்தனியாக இசையைத் தரும் ஸ்டீரியோ ஹெட்போனை ஜான் காஸ் 1958இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மன் வந்த பிறகுதான் ஹெட்போன் தெருவுக்கு வந்தது. தெருவின் இரைச்சலை வெல்ல ஓசையைக் கூட்டும் பழக்கமும் அதனோடு வளர்ந்தது.

ஆகவே, மெல்லியதைத் தெளிவாகக் கேட்பதற்காகவே இக்கருவி பிறந்தது. உரத்துக் கேட்பதற்காக அன்று. முதன்முதலாக வாங்குகிறவர் இந்த ஒன்றை உரைகல்லாக வைத்துக்கொண்டால் போதும்: ஓசையைக் குறைத்து வைத்தாலும் சொல் தெளிவாக விழுகிறதா? விழுந்தால் நல்ல கருவி. கூட்டினால்தான் புரிகிறது என்றால், விலை எத்தனையாயினும் அது உங்களுக்கு ஏற்றதன்று.

அடுத்து வடிவம். காதுத் துளைக்குள் செருகும் இயர்போன் ஒருவகை. காதின்மேல் அமரும் சிறு மெத்தையுடையது மற்றொரு வகை. காது முழுவதையும் சுற்றி மூடும் பெரிய ஹெட்போன் மூன்றாவது வகை. இம்மூன்றாம் வகையிலும் வெளிப்புறம் திறந்தது, மூடியது என இரண்டுண்டு. திறந்தது இயல்பான ஒலியைத் தரும். ஆனால் வெளியோசை உள்ளே வரும், உள்ளோசை வெளியே போகும். அமைதியான தனியறைக்கே அது பொருந்தும். மின்விசிறி சுழலும், தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி கூவும், அடுப்படியில் குக்கர் சீறும் நம் வீடுகளுக்கு மூடியதே ஏற்றது. வெளி இரைச்சலை அது சற்றே தடுப்பதால், ஓசையைக் கூட்டாமலே கேட்க முடிகிறது.

நம் சகோதரிகளுக்கு மட்டும் உரிய ஒரு விஷயத்தை இங்கே சொல்லவேண்டும்; கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. முக்காட்டுத் துணியின்மேல் ஹெட்போனை மாட்டினால் மெத்தைக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளி வழியே தாழ்ந்த ஒலிகள் கசிந்து போகின்றன. வெளி இரைச்சல் உள்ளே நுழைகிறது. கேட்பவர் அறியாமலே ஓசையைக் கூட்டிவிடுகிறார். இதற்கு மாற்று இரண்டு. ஒன்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதன்மேல் முக்காட்டைப் போட்டுக்கொள்வது. இரண்டு, முக்காட்டுக்குள் அடங்கும் சிறிய இயர்போனை அணிவது. இயர்போனாயின் பெட்டியில் வரும் மூன்று அளவு ரப்பர் முனைகளில் காதுக்குச் சரியாகப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். முனை தளர்ந்திருந்தால் எத்தனை உயர்ந்த கருவியும் தகரம்போல் ஒலிக்கும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களும் மெத்தை மென்மையானதாகப் பார்த்து வாங்குவது நலம். கண்ணாடிக் காம்பு அழுத்தினால் அரைமணி நேரத்தில் தலை வலிக்கும்.

கம்பியா, கம்பியில்லாததா?

உங்கள் மகளின் பாடத்துக்கு இதுவே முக்கியமான கேள்வி. கம்பியில்லாத புளூடூத் கருவி, பாட்டோ கிராஅத்தோ கேட்பதற்கு மட்டுமெனில் நன்றாகவே இருக்கும். ஆனால் அதே கருவியின் மைக்கையும் கணினி பயன்படுத்தத் தொடங்கியவுடன், பலவற்றில் ஒலியின் தரம் சட்டென்று தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒரே இணைப்பில் இரு திசைகளிலும் குரல் போகவேண்டியிருப்பதால் நேரும் சுருக்கம் இது.

தொலைபேசித் தரம் என்றால் என்ன? பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கடத்தியது. ஒருவர் பேசுவதைப் புரிந்துகொள்ள அது போதும். ஆனால் ‘ஸ’, ‘ஃப’ போன்ற காற்றொலிகளின் அடையாளம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது ஓர் எழுத்தை வேறோர் எழுத்தாக எழுதிக்கொள்வது இதனால்தான். நாவின் நுனியைப் பல்லிடையே வைத்து ஓதும் ஸாவும், பல்லுக்குப் பின்னே சீறி வரும் ஸீனும் பிரிவது அந்த மேற்பகுதியில். அப்பகுதியை வெட்டிவிட்டு, "ஏன் வேறுபடுத்தவில்லை?" என்று பிள்ளையைக் கேட்டால் அவள் எங்கே போவாள்?

ஆகவே ஓதும் பாடத்துக்கும் கணினி வகுப்புக்கும், மைக் இணைந்த, கம்பியுள்ள ஹெட்செட்டே என் பரிந்துரை. அதற்கு மின்னேற்றவும் வேண்டாம். பாடத்தின் நடுவே அணைந்துபோகும் என்ற அச்சமும் இல்லை. ஏற்கெனவே புளூடூத் கருவி வைத்திருப்போர் அதைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. கணினியின் அமைப்பில், பேசுவதற்குக் கணினியின் சொந்த மைக்கையும், கேட்பதற்குப் புளூடூத் கருவியையும் தேர்ந்தெடுத்துவிட்டால், பெரும்பாலான கருவிகளில் முழுத்தரம் திரும்பிவிடும். மேசைக் கணினியில் மைக் இல்லையெனில் தனியே ஒன்று வாங்கிப் பொருத்த வேண்டியிருக்கும். எல்.இ. ஆடியோ என்னும் புதிய முறையில் இக்குறை குறைந்திருக்கிறது. ஆனால் கணினி, கருவி இரண்டும் அதற்கு இடங்கொடுப்பவையாக இருக்கவேண்டும்.

கம்பியுள்ளதை வாங்கும்போது அதன் முனையைப் பாருங்கள். கைப்பேசிக்கென்று வருவதில் ஒரே முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். கேட்பதற்கும் பேசுவதற்கும் அதுவே. பழைய மேசைக் கணினிகளில் பச்சை நிறத் துளை கேட்பதற்கும் இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கும் எனத் தனித்தனியே இருக்கும். அப்படியானால் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறு இணைப்புக் கம்பி வேண்டும். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்பவர்கள் யு.எஸ்.பி. முனையுள்ள ஹெட்செட்டை வாங்கலாம். அதற்குள்ளேயே ஒலியை மாற்றித்தரும் சிறு சாதனம் இருக்கிறது. பழைய கணினிகளில் ஓயாமல் கேட்கும் ‘உஸ்’ என்ற இரைச்சலும் பெரும்பாலும் அதனால் நீங்கிவிடும். கையிலுள்ள ஹெட்போன் நல்லதாயிருந்து, கணினியின் துளை மட்டும் இரைந்தால், யு.எஸ்.பி.யில் செருகும் சிறு சவுண்டு கார்டு சில நூறு ரூபாயில் கிடைக்கும். புதிய ஹெட்போன் தேவையில்லை.

பெட்டியின்மேல் உள்ள எண்கள்

வீரகனூர்ச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர், மாட்டின் கழுத்திலுள்ள மாலையைப் பார்த்து விலை பேசுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறார். ஹெட்போன் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களில் பலவும் அந்த மாலையைப் போன்றவையே.

"20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளிலும் இருக்கும். மனிதச் செவி கேட்கக்கூடிய எல்லை என்று நூல்கள் சொல்வது அதுதான். அந்த எல்லைக்குள் ஒலி சமமாக வருகிறதா, ஓரிடத்தில் வீங்கி மற்றோரிடத்தில் மெலிகிறதா என்பதை அந்த எண் சொல்வதில்லை. "40 மில்லிமீட்டர்" என்பது உள்ளே அதிரும் தகட்டின் அளவு. பெரிதாக இருப்பதால் மட்டும் நல்லதாகிவிடாது. "7.1" என்பது விளையாட்டில் துப்பாக்கி எந்தத் திசையிலிருந்து வெடிக்கிறது என்று காட்டுவதற்கு, பாடத்துக்கு அதனால் பயனில்லை. "எக்ஸ்ட்ரா பாஸ்" என்று இருந்தால் ஓதும் பாடத்துக்கு வாங்கவே வேண்டாம். தாழ்ந்த ஒலியை அளவுக்கு மீறிப் பெருக்கினால் அது குரலின் நுட்பங்களை மூடிவிடும்.

கவனிக்கத்தக்க எண் ஒன்றுண்டு. மின்தடையைக் குறிக்கும் ஓம் அளவு 16 முதல் 32 வரை இருந்தால் எந்தக் கணினியும் எளிதாக இயக்கும். 250, 300 ஓம் உள்ளவை ஒலிப்பதிவுக் கூடங்களுக்கானவை. அவற்றுக்குத் தனியாகப் பெருக்கி வேண்டும். முதன்முதலாக வாங்குகிறவருக்குத் தனிப் பெருக்கியும் வேண்டாம், விலையுயர்ந்த ஒலிமாற்றிச் சாதனமும் வேண்டாம். பதிவே மட்டமாக இருந்தால் எந்தச் சாதனமும் அதை மீட்டுத் தராது. மிகவும் சுருக்கிப் பதிந்த பழைய எம்.பி.3 பயான்களில் தெளிவு பதியும்போதே போய்விட்டது. அதே உரையின் நல்ல பதிவைத் தேடி எடுப்பது காசில்லாத சீர்திருத்தம்.

சரி, நடக்கவிட்டுப் பார்ப்பது எப்படி? கடைக்குப் போகும்போது உங்களுக்கு நன்றாகப் பழகிய மூன்று பதிவுகளைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். கடையில் புதிதாகப் போட்டுக் காட்டும் பாட்டில் எல்லாக் கருவியும் நன்றாகவே ஒலிக்கும். கைப்பேசியில் ஹெட்போன் துளை இல்லையெனில், கடையிலுள்ள கணினியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

முதலாவது, நிதானமாக ஓதப்பட்ட ஒரு கிராஅத். எகிப்தின் காரி ஷைகு மஹ்மூது கலீல் அல்ஹுஸரி அவர்களின் ஓதல் இதற்கு மிகப் பொருத்தம். குர்ஆன் முழுவதும் முதன்முதலாக ஒலிப்பதிவாக 1961இல் வெளிவந்தது அவர்களுடைய குரலில்தான். ஓர் எழுத்தை மற்றோர் எழுத்து விழுங்காத ஓதல் அது. ஸாவும் ஸீனும், ஹாவின் இரு வகையும், காஃபும் கஃபும் தனித்தனியே விழுகின்றனவா என்று கேளுங்கள். ‘ஸ’ வரும் இடங்களில் ஊசிபோல் குத்தினாலும் அக்கருவி வேண்டாம்.

இரண்டாவது, நாகூர் ஈ.எம். ஹனிபா (1925 – 2015) அவர்களின் பாடல் ஏதேனும் ஒன்று. அந்தக் கனத்த குரலை அறியாத தமிழ் முஸ்லிம் வீடு அரிது. குரலின் கனமும் வரவேண்டும். வாத்தியங்கள் அதை மூடவும் கூடாது. குரல் மூக்கால் பாடுவதுபோல் மெலிந்து கேட்டால், கருவி தாழ்ந்த ஒலியைத் தரவில்லை என்று பொருள். குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் அளவுக்கு மீறித் தருகிறது என்று பொருள்.

மூன்றாவது, உங்கள் வீட்டு மனிதர் ஒருவரின் குரல். பிள்ளைகளின் அத்தா வளைகுடாவிலிருந்து அனுப்பிய குரல் பதிவு ஒன்று உங்களிடம் இருக்குமே! அந்தக் குரலை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? அது அவர் பேசுவதுபோலவே இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த நிபுணரும் தரமுடியாத தீர்ப்பை உங்கள் காது தந்துவிடும்.

பத்து நிமிடமாவது மாட்டிக்கொண்டு பாருங்கள். கனமாக இருக்கிறதா, காது வேர்க்கிறதா, நெற்றிப்பொட்டு அழுந்துகிறதா என்று கவனியுங்கள். சித்திரை வெயிலில் கெங்கவல்லியில் ஒரு மணி நேரம் அணிய வேண்டியது அது. மெத்தையின் மேலுள்ள செயற்கைத் தோல் வேர்வையில் உரிந்துபோகும். மாற்று மெத்தை கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பில்லும் உத்தரவாத அட்டையும் வாங்காமல் வராதீர்கள். பெரிய நிறுவனங்களின் பெயரை ஒட்டிய போலிகள் நிறைய உலவுகின்றன.

மூவாயிரம் ரூபாயையும் ஒரே கருவியில் போடவேண்டிய தேவையும் இல்லை. ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள், மைக்கோடு கூடிய, காதை மூடும், கம்பியுள்ள நல்ல ஹெட்செட் கிடைத்துவிடும். மிச்சத்தில் மகனுக்குத் தனியாக ஓர் எளிய இயர்போன் வாங்கிவிடுங்கள். காதுக்குள் செருகும் முனையை ஒருவர் மாற்றி ஒருவர் அணிவது நல்லதன்று. காது நோய் அப்படியும் பரவும். வண்ண விளக்குக்காகக் கொடுக்கும் பணம் வீண்விரயம் என்று மகனிடம் அன்போடு சொல்லுங்கள். விளக்கு காதின் வெளிப்புறம் எரிகிறது. கேட்பவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

கடைசியாகக் கவனம்

கருவி வந்த பிறகு அதைப் பயன்படுத்தும் முறையில்தான் பிள்ளையின் எதிர்காலம் இருக்கிறது. உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. பேரோசையால் அவை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் பழுதுபடுவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றிலும் உள்ள பகுதி. பேச்சில் மெல்லிய எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் பகுதியும் அதுவே. எந்த எழுத்துகளைக் கற்பதற்காக ஹெட்போன் வாங்குகிறோமோ, அதே எழுத்துகளைக் கேட்கும் ஆற்றலை, ஓசையைக் கூட்டி வைத்து நாமே அழித்துவிடக் கூடாது.

அளவு எவ்வளவு? உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் வகுத்த நெறியின்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். பெரியவருக்கு 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி. 95 டெசிபெல்லை எட்டினால் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரந்தான். "குழந்தைகளுக்கானது, 85 டெசிபெல்லுக்கு மேல் போகாது" என்று சில பெட்டிகளில் போட்டிருக்கும். மேற்சொன்ன கணக்கின்படி, 84 டெசிபெல்லில் ஒரு குழந்தை வாரம் 5 மணி நேரமே கேட்கலாம். ஆகவே அந்த வாசகம் நாள் முழுவதும் கேட்க அளித்த அனுமதியன்று.

வீட்டில் டெசிபெல்லை அளக்கக் கருவி வேண்டாம். மகள் ஹெட்போன் அணிந்திருக்கும்போது ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் அவள் பெயரைச் சொல்லுங்கள். திரும்பினால் அளவு சரியாக இருக்கலாம். திரும்பவில்லையெனில் குறைக்கவேண்டும். அவள் கழற்றிய பிறகு காதில் ரீங்காரம் கேட்கிறது என்றாலும், பஞ்சு அடைத்ததுபோல் இருக்கிறது என்றாலும், முந்திய மணி நேரத்தில் அளவு மீறிவிட்டது என்று பொருள். அரைமணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் காதுக்கு ஓய்வு கொடுப்பதை வழக்கமாக்குங்கள்.

இந்தித் திரைப்படப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக், வைரஸ் தாக்குதலால் தம் செவித்திறன் பாதிக்கப்பட்டதாக 2024 ஜூன் மாதம் அறிவித்தார். அதற்கு ஹெட்போன் காரணம் என்று அவர் கூறவில்லை. ஆயினும் அந்த அறிவிப்பிலேயே, பேரோசையில் இசை கேட்பது குறித்தும் ஹெட்போன் குறித்தும் இளையோரை எச்சரித்தார். கேட்கும் ஆற்றலைக் கொண்டே வாழ்ந்த ஒருவர் அதை இழந்த வேளையில் சொன்ன சொல் என்பதால், உங்கள் மகன் காதிலும் அது விழவேண்டும்.

வீட்டில் எல்லோரும் ஓய்வாக இருக்கும் வேளையில் ஹெட்போனே வேண்டாம். கணினியோடு இணைக்கும் சிறு ஒலிபெருக்கி இரண்டு போதும். அவற்றை மூலையில் தரையில் வைக்காமல், அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில், கணினியின் இருபுறமும் சம தூரத்தில் வையுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அதிரும் பெரிய பெட்டி பேச்சுக்கு வேண்டியதில்லை. தாயும் பிள்ளைகளும் சேர்ந்தமர்ந்து ஒரு கிராஅத்தையோ உரையையோ கேட்பதில் உள்ள பரக்கத், ஆளுக்கொரு கருவியை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் இருப்பதில் இல்லை. குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்திக் கேட்பது அதன் அதபு. சமையலுக்கும் சச்சரவுக்கும் பின்னணியாக அதை ஓடவிடுவது முறையன்று.

இரு காதையும் மூடிக்கொண்டு சாலையில் செல்வதையும், இரவில் அப்படியே உறங்கிவிடுவதையும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். பாங்கு சொல்வது காதில் விழாத அளவுக்கு, தாய் கூப்பிடுவது காதில் விழாத அளவுக்கு ஒருவரை அடைத்துவைக்கும் கருவி, எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் இழப்பே. செவிக்கும் மறுமையில் கணக்குண்டு என்பதை நாம் சிறுவயதில் மதரஸாவிலேயே கற்றிருக்கிறோம். எதைக் கேட்டோம் என்பதற்கு மட்டுமன்று, கேட்கும் ஆற்றலை எப்படிக் காத்தோம் என்பதற்கும் அக்கணக்கில் இடமுண்டு என்றே நான் கருதுகிறேன். அது இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

கெங்கவல்லிச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. அடித்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை எழுத உங்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பது புரிகிறது. மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை, முடிவு எதுவாயினும், மகளை அருகில் அமர்த்தி, "உனக்குக் கேட்கவில்லையோ என்று நான் முதலில் யோசித்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். தாய் தன் பிழையைச் சொல்வதால் பிள்ளையிடம் மதிப்புக் குறைவதில்லை. அதன்பின் நீங்கள் கூப்பிடும்போது அவள் விரைந்து திரும்புவாள், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.